மூன்று கதவுக் காடி

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஒரு நண்பன் வீட்டு வாசலில் காடியை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். முந்தின நாளிலிருந்தே மழை விடவில்லை. மாலையில் வடிகால் நிரம்பித் தண்ணீர் வாசலுக்கு வந்தது. இரவு நாங்கள் ஐந்து பேரும் மாடியில் நின்றோம். கீழே தண்ணீருக்குள் என் காடியின் விளக்குகள் தாமாகவே எரிந்து எரிந்து அணைந்தன. கொஞ்ச நேரத்தில் கூரையும் தெரியவில்லை.

அந்த வெள்ளத்தில் மனிதர்கள் செத்துப்போனார்கள். மாடியிலும் கூரையிலும் பசியோடு காத்திருந்தவர்களை நானே பார்த்தேன். அதற்கு நடுவில் ஒரு பழைய காடிக்காக அழுதேன் என்று சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் அழுதேன். வெள்ளத்துக்கான கூடுதல் காப்பீட்டை நான் எடுத்திருக்கவில்லை. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்த புத்திசாலித்தனம் முழுக்க என்னுடையதுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே எங்களுக்குக் கார் என்றால் காடி. அங்கே காடி என்பது புளித்த கஞ்சி என்று முதன்முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன்.

மூழ்கியது 2000ஆம் ஆண்டின் புரோட்டோன் சத்ரியா ஜி.டி.ஐ. மூன்று கதவு, ஐந்து கியர், 1.8 லிட்டர் எஞ்சின். மாமா 2007இல் அதை இரண்டாம் கையாக வாங்கினார். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் முடித்து வேலைக்குப் போன வாரம் சாவியை என் கையில் வைத்தார். வெள்ளத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் இருவரும் அதை மீட்கப் பார்த்தோம். இருக்கைகளை வெயிலில் காய வைத்தோம், எஞ்சினைப் பிரித்து மாட்டினோம். ஓடவும் செய்தது. ஆனால் வயர்களுக்குள் பச்சை பூத்திருந்தது. ஒரு நாள் வைப்பர் போட்டால் ஹார்ன் அடிக்கும், மறுநாள் எதுவும் அடிக்காது. தரைத்தகட்டில் துரு உள்ளிருந்து வெளியே வந்தது. 2024 தொடக்கத்தில் மாமா, "போதும்டா. நாம காடி ஓட்டல, வைத்தியம் பாக்குறோம்" என்றார்.

அடுத்து எதை வாங்குவது? அலுவலகத்தில் கேட்டால் மைவி வாங்கு என்பார்கள். விரைவுச்சாலையில் எல்லாரையும் முந்திக்கொண்டு போகிற மைவியைப் பற்றிய நகைச்சுவை தெரியாத மலேசியர் கிடையாது. அது நல்ல காடி. ஆனால் எனக்கு வேண்டியது குணமுள்ள ஒன்று. பொறியாளனாக எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. அளக்க முடியாதவற்றுக்கெல்லாம் 'குணம்' என்று பெயர் வைத்துத் தப்பித்துக்கொள்கிறோம் என்றே நினைப்பேன். அதனால் புதிதாக ஒன்றைத் தேடுவதற்கு முன்னால், பழைய காடிக்கு அந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கேஎல் சென்ட்ரலைக் கடந்து நடந்தால் தேசிய அருங்காட்சியகம். தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் புரோட்டோன் சாகா அங்கே வைப்பதற்கென்று கொடுக்கப்பட்டது. 2001இல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்படுவதற்கு முன்பு அந்த நிலம் ரயில்வே யார்டாக இருந்தது. பிரிக்பீல்ட்ஸ் தமிழர்கள் பலருடைய தாத்தாக்கள் எண்ணெய்க் கையோடு வீடு திரும்பிய இடம். மாமா 1985இல், பதினேழு வயதில், அந்த யார்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் கையாளாக இருந்தார். அந்த ஆண்டு ஜூலை 9ஆம் தேதி சாகா அறிமுகமானது. அதே ஆண்டில் பினாங்குப் பாலம் திறந்தபோது மகாதீர் சாகாவை ஓட்டிக்கொண்டு அதைக் கடந்தார். மாமா பட்டறையின் டெலிவிஷனில் பார்த்திருக்கிறார். "முதலாளி பாத்துட்டு, இது லான்சர்தானேன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு" என்பார்.

முதலாளி சொன்னது சரி. புரோட்டோன் 1983 மே 7ஆம் தேதி நிறுவப்பட்டபோது 70 விழுக்காடு அரசின் ஹைகோம் கையிலும் 30 விழுக்காடு மிட்சுபிஷி குழுமத்தின் கையிலும் இருந்தது. சாகாவின் உடலும் எஞ்சினும் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயிலிருந்து வந்தவை. பெயர் மட்டும் இந்த மண்ணுடையது. சாகா என்பது சிவப்பு விதை தரும் ஒரு மரம். தமிழில் மஞ்சாடி. நம் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுக்க எடைக்கல்லாக வைத்திருந்த அதே விதை.

பின்னால் வந்த பெயர்களையும் பாருங்கள். வீரா, சத்ரியா, புத்ரா, பெர்டானா. வீரன், க்ஷத்ரியன், புத்திரன், பிரதானம். மலாய் மொழிக்குள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு போய்ச் சேர்ந்து அதன் சொந்தச் சொற்களாகிவிட்ட சமஸ்கிருதச் சொற்கள். அம்மா சின்ன வயதில் என்னைக் காடிகளின் பின்புறப் பெயர்களைப் படிக்கச் சொல்லி எழுத்துக் கற்றுக்கொடுத்தார். 'புத்ரா' என்றதும், "புள்ளைன்னு அர்த்தம், நம்ம வார்த்தைதான்" என்பார். நம்ம வார்த்தையா என்பது வேறு விவாதம்.

அந்தக் காடி நம்முடையதா என்பதுதான் வீட்டில் நடந்த விவாதம். 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையின் பிள்ளைதான் புரோட்டோன். பூமிபுத்ராக்களைத் தொழில்துறைக்குள் கொண்டுவருவது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கங்களில் ஒன்று. 1988இல் வந்த உதிரிபாகத் திட்டம் அந்தச் சமூகத்திலிருந்து சிறு உற்பத்தியாளர்களை உருவாக்க வகுக்கப்பட்டது. இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கொள்கை ஆவணங்களிலேயே இருக்கிறது. மாமா எந்தத் தொழிற்சாலைக்கும் விண்ணப்பம் போடவில்லை. ஏன் என்று கேட்டால் தோளைக் குலுக்குவார். "அது நமக்கில்லன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் போகல. போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" சுங்க வரியின் பாதுகாப்பால் சந்தையில் மலிவாகக் கிடைத்ததும் புரோட்டோன்தான். கிள்ளான் தமிழர் வீடுகளில் முதல் காடி சாகாவாகவோ வீராவாகவோ இருந்ததற்கு நாட்டுப்பற்றைக் காரணம் சொல்ல மாட்டேன். சம்பளத்துக்குள் அடங்கியது அதுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. சிலாங்கூரின் தலைநகராக ஷா ஆலாமைக் கட்டத் தொடங்கியபோது அது எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தின் மேல், ரப்பரும் செம்பனையும். தாத்தா அங்கே பால்மரம் வெட்டினார். மாமா பிறந்தது அந்த லயத்தில், 1968இல். அதே ஆண்டுதான் பத்து தீகா பந்தயத்தடமும் அந்தப் பக்கத்தில் திறக்கப்பட்டது. மாமா பள்ளிக்கூடம் போகும் வயதில் லயம் இல்லை, குடும்பம் கிள்ளானுக்கு வந்துவிட்டது. தோட்டம் போன கதையை நம் இலக்கியத்தில் நிறையப் படித்துவிட்டோம். நான் அதை மறுபடி எழுதப்போவதில்லை. எனக்குப் பிடித்தமான காடியைச் செய்த தொழிற்சாலை தாத்தாவின் தோட்டத்தை மூடிய நகரத்தில் இருந்தது என்பதைக் குறித்துவைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1994இல் சத்ரியா வந்தது. ஜப்பானில் அதன் பெயர் மிட்சுபிஷி மிராஜ். மூன்று கதவு, குட்டை உடம்பு. பின் சக்கரங்களுக்குப் பல இணைப்புத் தண்டுகள் கொண்ட தனித்தனி சஸ்பென்ஷன். அந்த விலையில் விற்ற காடிகளில் பின்பக்கம் பெரும்பாலும் ஒரு வளைந்த உத்திரம்தான் இருக்கும். எனவே எலும்பு முதலிலேயே நல்ல எலும்பு. ஆனால் தொடக்கத்தில் அது சாதாரண ஊர் சுற்றும் காடிதான்.

அதை மாற்றியது இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரம். லோட்டஸ் நிறுவனத்தைக் காலின் சாப்மேன் 1952இல் தொடங்கினார். பின்னாளில் நார்ஃபோக்கில் ஹெத்தல் என்ற ஊரின் பழைய போர்விமானத் தளத்தில் அது குடியேறியது. சாப்மேன் இறந்த பிறகு 1986இல் ஜெனரல் மோட்டார்ஸிடமும், 1993இல் புகாட்டியை நடத்திக்கொண்டிருந்த ரோமானோ ஆர்ட்டியோலியிடமும் போனது. ஆர்ட்டியோலி காலத்தில் வந்ததுதான் எலீஸ். அவருடைய பேத்தி எலீசாவின் பெயர். 1995இல் புகாட்டி நொடித்தது. மறு ஆண்டு அக்டோபரில் புரோட்டோன் லோட்டஸின் 80 விழுக்காட்டை வாங்கியது. இதற்குப் பின்னால் நின்றவர் அப்போது புரோட்டோனின் தலைவராக இருந்த யஹ்யா அகமட். வெள்ளைக்காரன் தோட்டத்தில் வேலைசெய்த நாடு வெள்ளைக்காரன் காடிக் கம்பெனியை வாங்கிவிட்டது என்று காபிக்கடைகளில் எல்லா இனத்தாரும் பேசிக்கொண்டார்களாம். மாமாவும் அன்றைக்குப் பெருமைப்பட்டதாக ஒப்புக்கொள்கிறார்.

பெருமை நீடிக்கவில்லை. 1997 மார்ச் 2ஆம் தேதி யஹ்யா அகமட் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். ஜூலையில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி இங்கே வந்தது. டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது 1998 ஜனவரியில் நாலரையைத் தாண்டியது. செப்டம்பரில் 3.80இல் ஆணி அடித்து நிறுத்தினார்கள். சத்ரியா ஜி.டி.ஐ. வந்தது அந்த 1998இல்தான். கம்பெனிகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த ஆண்டில், யாருக்கும் அவசியமில்லாத ஒரு வேகக் காடி. மிட்சுபிஷியின் 1834 சிசி 4ஜி93 எஞ்சின், ஏறத்தாழ 138 குதிரைத்திறன், நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு எட்டரை வினாடி. இன்றைக்கு இந்த எண்கள் யாரையும் அசைக்காது. எண்களுக்குள் அந்தக் காடி இல்லை என்பதை ஓட்டியவர்கள் அறிவார்கள். வளைவுக்குள் நுழையும்போது ஸ்டீயரிங் வழியாகச் சாலை பேசும். பாதி வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் சற்றே அசையும், பயமுறுத்தாது, 'நான் இருக்கிறேன்' என்று சொல்லும். இது லோட்டஸ் செய்த வேலை.

எப்படிச் செய்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள எனக்கு வசதி இருக்கிறது. நான் வேலை பார்ப்பது காடிகளுக்கான ரப்பர் பாகங்கள் செய்யும் இடத்தில்.

சக்கரத்தையும் உடலையும் இணைக்கும் தண்டுகள் நேராக இரும்போடு இரும்பாக மாட்டப்படுவதில்லை. ஒவ்வொரு முனையிலும் ஒரு புஷ் இருக்கும்: வெளியே இரும்பு வளையம், உள்ளே இரும்புக் குழாய், நடுவில் ரப்பர். ரப்பர் கெட்டியாக இருந்தால் ஸ்டீயரிங் கூர்மையாக இருக்கும், சாலையின் குழியெல்லாம் முதுகெலும்புக்கு வரும். மிருதுவாக இருந்தால் சுகம், ஆனால் காடி தூக்கக் கலக்கத்தில் திரும்பும். நல்ல பொறியாளர் இரண்டையும் ஒரே புஷ்ஷில் கேட்பார். ரப்பருக்குள் குறிப்பிட்ட திசையில் மட்டும் சின்ன வெற்றிடங்களை விட்டு வார்த்தால், முன்பின்னாக இளகிக்கொடுக்கும், பக்கவாட்டில் இறுகி நிற்கும். வளைவில் பாரம் ஏறும்போது பின்சக்கரத்தின் முனை உள்நோக்கி இம்மியளவு திரும்பும்படி இந்த இளக்கத்தைத் திட்டமிடலாம். காடி அப்போது தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். ஸ்பிரிங், அப்சோர்பர், புஷ் மூன்றையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்து, ஒரு புள்ளியில் நிறுத்துவது. அந்தப் புள்ளி எந்தச் சூத்திரத்திலிருந்தும் நேராக வராது. ஓட்டுபவரின் இடுப்பிலிருந்து வரும். லோட்டஸ் இதை ஒரு வியாபாரமாகவே செய்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானிய இசுசூ காடிகளிலும் அவர்கள் பெயர் ஒட்டப்பட்டிருந்தது.

இந்த வேலைக்கு இன்றும் இயற்கை ரப்பரையே அதிகம் விரும்புகிறார்கள். கோடி முறை வளைந்தாலும் சீக்கிரம் கிழியாது, இரும்போடு நன்றாக ஒட்டும். நான் தினமும் சோதனைக்கூடத்தில் புஷ்களை இயந்திரத்தில் மாட்டி, கிழியும்வரை ஆட்டிப் பார்க்கிறேன். தாத்தா வெட்டிய பால் எந்தக் காடிக்குப் போனது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நான் 'குணம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது சில நூறு கிராம் ரப்பரின் கெட்டித்தன்மை என்று தெரிந்தபோது சிரிப்பு வந்தது. அதற்குப் பின் குணம் என்ற சொல்லோடு எனக்குச் சண்டை இல்லை.

அடுத்தது கிள்ளானின் பங்கு. இது எந்த ஆவணத்திலும் பெருமையாகச் சொல்லப்படுவதில்லை. ஜப்பானில் காடி பழசானால் கட்டாயப் பரிசோதனைச் செலவு அதிகம், அதனால் ஓடும் நிலையிலேயே பல காடிகள் கழிக்கப்படும். முழுக் காடியாக மலேசியாவுக்குள் கொண்டுவர அனுமதிச் சீட்டும் வரியும் வேண்டும். ஆகவே நடுவில் அறுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் வயரும் உள்ள முன்பாதியை உதிரிபாகமாக அனுப்புவார்கள். அதுதான் ஹாஃப்-கட். போர்ட் கிள்ளானில் கண்டெய்னரில் இறங்கும். மாமா தொண்ணூறுகளில் கிள்ளானில் இப்படிப்பட்ட ஒரு கடையில் இருந்தார். தவுக்கே சீனர், எஞ்சின் இறக்குபவர்கள் தமிழர்கள், வாங்க வருபவர்கள் எல்லாரும். லான்சர் ஜி.எஸ்.ஆர். ஹாஃப்-கட் வந்தால் அதன் டர்போ எஞ்சின் சத்ரியாவிலும் வீராவிலும் சிரமமில்லாமல் உட்காரும். ஒரே குடும்பம்தானே. பழைய உதிரிபாக இறக்குமதியை 2011 ஜூனிலிருந்து தடைசெய்யப்போவதாக 2009இல் அரசு அறிவித்தது. எதிர்ப்பு எழுந்தது, தள்ளிவைத்தார்கள். தடை வந்திருந்தால் மாமா டாக்சி ஓட்டியிருப்பார்.

தேசியக் காடி தொழிற்சாலையில் ஒரு முறை செய்யப்பட்டது. பிறகு கிள்ளான், காப்பார், சுங்கை பூலோ பட்டறைகளில் மறுபடி மறுபடி செய்யப்பட்டது. முதல் தடவையில் நமக்கு இடமில்லை என்று நம்பியவர்கள் இரண்டாம் தடவையில் முழுக்கையும் உள்ளே விட்டார்கள். சத்ரியாவைப் பற்றிய நம் பிரியம் இப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன். விளம்பரத்தில் பார்த்து வந்த பிரியம் என்று எனக்குத் தோன்றவில்லை.

2002இல் கரம்ஜித் சிங் எஃப்.ஐ.ஏ. தயாரிப்புக் காடிகளுக்கான உலக ராலி வாகையர் பட்டத்தை வென்றார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் ஆசியர். பக்கத்து இருக்கையில் வழி சொன்னவர் ஆலன் ஓ. சீக்கியர் ஓட்ட, சீனர் வழி சொல்ல, புரோட்டோன் பெர்ட் என்ற பெயர் தாங்கிய காடி. பெர்ட் என்பது பெயர் மாற்றப்பட்ட மிட்சுபிஷி லான்சர் எவோ. இணையத்தில் இன்றும் யாராவது 'அது நம் காடியே இல்லை' என்று கிளப்புவார்கள். எனக்கு அந்தச் சண்டை அலுத்துவிட்டது. இங்கே எது கலக்காமல் வந்தது? அந்தப் பட்டத்துக்கு உரிய மரியாதையை நாம் கொடுக்கவில்லை என்பதே என் குறை. என் பல்கலைக்கழக வகுப்பில் பாதிப்பேருக்குக் கரம்ஜித் யாரென்று தெரியாது.

சரி, கடைக்கு வருவோம். பட்டியலில் முதலில் இருந்தது இன்னொரு ஜி.டி.ஐ. 2004இல் 150 மட்டுமே செய்யப்பட்ட சத்ரியா ஆர்3 பற்றிக் கனவுகூடக் காணவில்லை. சாதாரண ஜி.டி.ஐ. ஒன்று காப்பாரில் விலைக்கு வந்தது. சிவப்பு, பளபளவென்று. நான் கதவைத் திறந்து இருக்கையைத் தடவிக்கொண்டிருந்தேன். மாமா பானெட்டைத் திறந்து சேசி எண் அடித்திருக்கும் தகட்டை டார்ச் அடித்துப் பார்த்தார். ஓரத்தில் வெல்டிங் கோடு. பெயிண்டுக்கு மேல் விரலை ஓட்டினார். "தம்பி, வா போலாம்." வெளியே வந்து சொன்னார்: "வேற காடியோட நம்பர இதுல ஒட்டிருக்கான். யாரோ ஒருத்தன் வீட்டுல அழுதிருப்பான்." ஜி.டி.ஐ. திருட்டு ஒரு காலத்தில் எவ்வளவு சாதாரணம் என்பதைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் விரும்பியதால்தான் அவை திருடப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். திருட்டுப் பொருளென்று தெரிந்தும் தெரியாமலும் வாங்கியவர்கள் நம்மிலும் உண்டு.

டொயோட்டா 86ஐ ஒரு முறை ஓட்டினேன். பின்சக்கரத்தில் ஓடுவது, 200 குதிரைத்திறன், அருமை. மாதத் தவணையைக் கணக்குப் போட்டதும் இறங்கிவிட்டேன். எலீஸ் பற்றி ஒரே வரி: அதன் ரோட் டெக்ஸை நான் கட்டிவிடுவேன், காடியைத்தான் வாங்க முடியாது.

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்னைக் குழப்பியது. பழைய 1.6 லிட்டர் மாதிரி, பெட்டாலிங் ஜெயாவில். எஞ்சின் மேலே போகப் போகப் பாடியது. கியர் வெண்ணெயில் கத்தி. பொறியாளனாகச் சொன்னால் நான் பார்த்ததில் அதுதான் சிறந்த காடி, விலையும் நியாயம். இரண்டு நாள் யோசித்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதைப் பற்றி மாமாவிடம் பேச எனக்கு எதுவும் இல்லை. இது முட்டாள்தனமான காரணம் என்று தெரியும். காடியை ஓட்ட வாங்குகிறோமா பேச வாங்குகிறோமா என்று நண்பன் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை.

மிஞ்சியது சத்ரியா நியோ. 2006 ஜூனில் வந்தது. இதில் மிட்சுபிஷியின் உடலும் இல்லை, எஞ்சினும் இல்லை. லோட்டஸோடு சேர்ந்து உருவாக்கிய கேம்ப்ரோ எஞ்சின், சொந்த வடிவம். யாருடைய முகமூடியும் இல்லாத மூன்று கதவு. ஜி.டி.ஐ. ரசிகர்கள் அதை மன்னிக்கவே இல்லை. எஞ்சின் நடுவேகத்தில் சோர்ந்துவிடுகிறது என்றார்கள். அது உண்மை. 2009இல் சி.பி.எஸ். என்ற திருத்தத்தில் 125 குதிரைத்திறனாக ஏற்றினார்கள். 2010இல் லோட்டஸ் ரேசிங் பச்சை, மஞ்சள் நிறத்தில் 25 காடிகள் மட்டும் வந்தன. மறு ஆண்டு ஃபார்முலா ஒன் களத்தில் லோட்டஸ் பெயரில் இரண்டு அணிகள் ஓடின, இரண்டின் பின்னாலும் மலேசியப் பணம், லண்டன் நீதிமன்றத்தில் வழக்கு. அதில் டோனி பெர்னாண்டஸின் அணிக்காகச் சென்னையின் கருண் சந்தோக் ஜெர்மனியில் ஒரே ஒரு பந்தயம் ஓடினார். அதே 2011இல் நியோவின் ராலி வடிவத்தை ஓட்டி அலிஸ்டர் மெக்ரே ஆசிய பசிபிக் ராலிப் பட்டத்தை வென்றார். இவ்வளவு நடந்தும் நியோ விற்கவில்லை. 2015இல் நிறுத்தினார்கள். 2017இல் சீனாவின் ஜீலி, புரோட்டோனின் 49.9 விழுக்காட்டையும் லோட்டஸின் 51 விழுக்காட்டையும் எடுத்துக்கொண்டது. இப்போது புரோட்டோன் நன்றாக விற்கிறது. மூன்று கதவில் எதுவும் செய்வதில்லை.

நான் பார்த்த நியோ 2010ஆம் ஆண்டு சி.பி.எஸ்., கிள்ளான் மேருவில். விற்றவர் பணி ஓய்வு பெற்ற மலாய்ப் பெரியவர். கிளந்தானிலிருந்து வந்து ஷா ஆலாம் தொழிற்சாலையில் வெல்டிங் பிரிவில் இருந்தவர். சேர்ந்தது 1985இல், வயது பத்தொன்பது. மாமாவுக்கு இரண்டு வயது மூத்தவர். நாங்கள் கேட்காமலே ஒவ்வொரு கதவின் இடைவெளியையும் விரலால் அளந்து காட்டினார். மாமா மலாயில் அவரிடம் பழைய ஜி.டி.ஐ. பற்றிச் சொன்னார், வெள்ளம் பற்றியும். அவர் அதன் ஆண்டைக் கேட்டார். "2000 என்றால் நான் அப்போது லைனில் இருந்தேன். கூரை இணைப்பு என் பக்கம்" என்றார். பிறகு எங்களுக்குக் காபி வந்தது.

பேச்சுவாக்கில் மாமா தாம் பிறந்த இடத்தைச் சொன்னார். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. தாம் வந்த புதிதில் தங்கியிருந்த விடுதிக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் கொஞ்சம் மிச்சம் இருந்ததாகவும், வெட்ட ஆளில்லாமல் கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்ததாகவும் சொன்னார். "வீட்டு நினைவு வந்தால் அங்கே போய் உட்காருவேன். எங்கள் கம்பத்திலும் ரப்பர்தான்." அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. மாமாவும் எதையும் எதிர்பார்த்துச் சொல்லவில்லை. இருவரும் மறுபடி கதவு இடைவெளிக்குப் போனார்கள்.

விலை பேசியது அவர்கள் இருவரும்தான். நான் வெறுமனே தலையாட்டினேன். பழைய காடி, வங்கிக் கடன் கிடைக்காது, ரொக்கமாகக் கொடுத்தேன். ஒரு லாபம்: 1834 சிசிக்கு ஆண்டுக்கு 297 வெள்ளி ரோட் டெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தவன், 1597 சிசிக்கு 90 வெள்ளி கட்டுகிறேன். இந்த முறை வெள்ளத்துக்கான காப்பீட்டையும் எடுத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு காலை மாமாவோடு உலு யாம் மலைப்பாதைக்குப் போனேன். பழைய ஜி.டி.ஐ.யில் எனக்கு அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த பாதை. பாதி வழியில் சாவியை வாங்கிக்கொண்டு அவர் ஓட்டினார். ஏழெட்டு வளைவுகள் எதுவும் பேசவில்லை. மூன்றாம் கியரில் ஏற்றத்தில் எஞ்சின் திணறியபோது முகம் சுளித்தார். இறக்கத்தில் ஒரு வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டுப் பார்த்தார். பின்பக்கம் அந்தப் பழைய அசைவை அசைந்தது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "எஞ்சின் தூங்குது. மத்ததெல்லாம் முழிச்சிருக்கு" என்றார்.

கீழே பத்தாங் காலியில் ஒரு கடையோரம் நிறுத்தினோம். தே தாரே வருவதற்குள் மாமா கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு முன்சக்கரத்தின் பின்னால் படுத்துவிட்டார். கீழ்த்தண்டின் புஷ்ஷைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"டேய், வலது பக்கம் வெடிச்சிருக்கு. ரெண்டையும் மாத்தணும். எஞ்சின் மவுண்டிங்கும் ஒண்ணு போயிருச்சு."

"ஒரிஜினல் கிடைக்குமா மாமா?"

"நீதான ரப்பர் கம்பெனியில இருக்க. எங்கிட்ட கேக்குற?"